வயிற்றுக்குள் ஒரு விளக்கு

"சாப்பிட்டால் நெஞ்செரிவு, சாப்பிடாவிட்டால் வயிற்றுக்குத்து. கடையிலே ஒரு குளிசை வாங்கிப் போட்டால் இரண்டு நாளைக்குச் சுகம்." கிராமங்களில் நாம் சந்திக்கும் பலர் தமது வருத்தத்தை இப்படித்தான் சொல்கிறார்கள். "என்ன வருத்தம்?" என்று கேட்டால் "காஸ்ரிக்" என்பது பதில். அந்த ஒரு சொல்லுக்குள் சாதாரண நெஞ்செரிவும் அடங்கும், இரைப்பைப் புண்ணும் அடங்கும், சிலவேளை ஆரம்ப நிலையிலுள்ள புற்றுநோயும் அடங்கும். வெளியே நின்று இவற்றைப் பிரித்தறிவது கடினம். உள்ளே பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும் முறைதான் எண்டொஸ்கோப்பி. எமது மக்கள் "கமரா விட்டுப் பார்ப்பது" என்று சொல்வார்கள்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்னமும் தமது காணிக்குத் திரும்பவில்லை. சொந்தச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள் பிறருடைய தோட்டத்தில் கூலிக்குக் கொத்துகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இதனால் வருத்தம் ஒத்திப்போடப்படுகிறது. "கமரா விடுவார்கள்" என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயத்தைப் போக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கிணற்றை எட்டிப் பார்ப்பது போல

கிணற்றில் ஊற்று அடைபட்டால் மேலே நின்று ஊகிப்பதில் பயனில்லை. விளக்கைக் கட்டி உள்ளே இறக்கிப் பார்க்க வேண்டும். எண்டொஸ்கோப்பியும் அதையே செய்கிறது. ஏறக்குறைய சுண்டுவிரல் தடிப்பும் ஒரு மீற்றர் நீளமும் கொண்ட வளையக்கூடிய குழாய் அது. நுனியில் ஒரு விளக்கும் சிறிய கமராவும் உண்டு. வாய்வழியே உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் முதற்பகுதி வரை அதைச் செலுத்த, உள்ளே இருப்பது திரையில் தெரியும். குழாயினுள் ஒரு மெல்லிய துவாரமும் உண்டு. அதன் வழியே கருவியை விட்டு, சந்தேகமான இடத்தில் நெல்மணியிலும் சிறிய சதைத்துண்டை எடுக்கலாம். அந்தத் துண்டை எடுக்கும்போது வலி தெரியாது.

முன்னர் பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்றே எடுப்பார்கள். அதில் தெரிவது நிழல் மாத்திரமே. நிறமாற்றமும் சிறு புண்ணும் தப்பிவிடலாம். சதைத்துண்டும் எடுக்க முடியாது.

இக்கருவி ஒரே நாளில் வந்ததல்ல. 1868 இல் ஜேர்மனிய வைத்தியர் குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் உதவியோடு நேரான உலோகக் குழாயை இரைப்பைக்குள் செலுத்திக் காட்டினார். வாள் விழுங்கத் தெரியாதவர்களுக்கு அது உதவவில்லை. மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாக்கி, வளைந்த பாதையிலும் படத்தைக் கொண்டுசெல்லலாம் என்பதை 1954 இல் வெளிப்படுத்தியவர்களுள் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அந்த வழியில் பசில் ஹேர்ஷோவிற்ஸ் என்ற வைத்தியர் வளையும் கருவியை அமைத்து, 1957 இல் முதலில் தாமே அதை விழுங்கிப் பார்த்தார். இன்றைய கருவிகளில் இழைக்குப் பதிலாகக் கமரா உள்ளது.

யார் தாமதிக்கக் கூடாது?

நெஞ்செரிவு உள்ள எல்லோருக்கும் இப்பரிசோதனை தேவையில்லை. பெரும்பாலானோருக்கு உணவுப் பழக்கத்தை மாற்றுவதும் சில வார மருந்தும் போதும். ஆனால் பின்வரும் அறிகுறிகளில் ஒன்றேனும் இருந்தால் கடைக் குளிசையோடு நின்றுவிடாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்:

1. சோறோ, பாணோ விழுங்கும்போது தொண்டையிலோ நெஞ்சிலோ அடைப்பது.
2. காரணமின்றி உடல் மெலிவதும் பசியற்றுப் போவதும்.
3. இரத்தம் கலந்தோ, கோப்பித்தூள் போன்றோ சத்தி எடுப்பது.
4. தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு நாற்றமெடுக்கும் மலம்.
5. உடல் வெளிறி, சிறு வேலைக்கும் களைப்பது.
6. ஓயாத சத்தி.
7. நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தபின் முதன்முறையாகத் தொடங்கி விடாதிருக்கும் வயிற்றுக்குத்து.

இவற்றில் மூன்றாவதும் நான்காவதும் அவசரம். கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும். அதை எடுப்பதாக வைத்தியரிடம் சொல்லுங்கள்.

விழுங்கும்போது ஏற்படும் அடைப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெற்றிலையோடு புகையிலை சப்புவதும், சுருட்டும், மதுவும் வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் புற்றுநோயைத் தேடித்தருபவை. இலங்கை ஆண்களிடையே முன்னணியில் இருப்பது வாய்ப் புற்றுநோய். புகையிலையை விளைவித்த எமக்கு இதைச் சொல்வதும் கேட்பதும் கடினம்தான். எனினும் சொல்லாமல் விட முடியாது. "சோறு இறங்கவில்லை" என்று கஞ்சிக்கும், பின் தேநீருக்கும் மாறி மாதங்களைக் கழிப்பவர்கள், குணமாக்கக்கூடிய காலத்தை வீட்டிலேயே கழித்துவிடுகிறார்கள்.

பரிசோதனை நாள்

முதலில் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். பரிசோதனை தேவை என்று வைத்தியர் கருதினால், அதற்குரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தருவார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணமில்லை.

வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மணித்தியாலம் உணவின்றியும், கடைசி இரண்டு மணித்தியாலம் தண்ணீருமின்றியும் இருக்கச் சொல்வார்கள். நீரிழிவுக் குளிசை, இன்சுலின், இரத்தத்தை ஐதாக்கும் மருந்து என்பன எடுப்பவர்கள் முன்கூட்டியே அதைச் சொல்ல வேண்டும். எதையும் தாமாக நிறுத்தக் கூடாது. கட்டுப்பல்லைக் கழற்றி வைக்க வேண்டும்.

தொண்டைக்கு விறைப்பு மருந்து விசிறுவார்கள். சிலருக்கு மயக்கமூட்டும் ஊசி போடுவார்கள். இடப்பக்கமாகச் சரிந்து படுக்கவைத்து, பற்களுக்கிடையே ஒரு வளையத்தைக் கொடுத்துக் கருவியைச் செலுத்துவார்கள். ஓங்காளம் வரும், வயிறு ஊதியது போலிருக்கும். ஆனால் குழாய் மூச்சுக்குழாயினுள் செல்வதில்லை, மூச்சு அடைக்காது. மூக்கால் மெதுவாக மூச்செடுத்துக்கொண்டு தாதியின் சொற்படி இருந்தால் ஐந்து, பத்து நிமிடத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். இது சத்திரசிகிச்சையல்ல, வெட்டும் இல்லை, தையலும் இல்லை. விறைப்பு நீங்கும்வரை உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். மயக்க ஊசி போட்டவர் அன்று தனியே வீடு திரும்பவோ, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவோ கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

குடலில் துளை விழுதல், இரத்தம் பெருகுதல் போன்ற ஆபத்துகள் மிக அரிதாக ஏற்படுவதுண்டு. வீடு வந்தபின் கடும் வயிற்றுவலியோ, காய்ச்சலோ, இரத்தச் சத்தியோ கண்டால் உடனே திரும்பிச் செல்லுங்கள்.

பெருங்குடலைப் பார்ப்பதற்கு வேறொரு நீண்ட குழாயை மலவாசல் வழியே செலுத்துவார்கள். கிணற்றை இறைத்தால்தான் அடி தெரியும் என்பது இதற்கும் பொருந்தும். முதல் நாட்களில் தும்புள்ள உணவைத் தவிர்த்து, கொடுக்கும் பேதி மருந்தை முழுவதும் குடித்துக் குடலைச் சுத்தமாக்க வேண்டும். முகாமிலோ உறவினர் வீட்டிலோ பலர் ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதானால் இது பெரும் சங்கடம். அதைக் கூச்சமின்றித் தாதியிடம் சொல்லி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அரைகுறையாகச் சுத்தமாக்கினால் பரிசோதனையை மீண்டும் செய்ய நேரிடும். மலத்தோடு இரத்தம் போவதை எல்லாம் மூலம் என்று எண்ணிப் பல வருடங்கள் கை மருந்து செய்பவர்கள் இப்பரிசோதனையைக் குறித்து வைத்தியரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

பார்ப்பது மட்டுமல்ல, மருத்துவமும்

முன்னர் வயிற்றைத் திறந்து செய்த பல சிகிச்சைகளை இன்று இக்குழாய் வழியாகவே செய்யலாம். இரத்தம் கசியும் புண்ணுக்கு ஊசி போட்டோ, சூட்டினாலோ, சிறு கவ்வியாலோ கசிவை நிறுத்தலாம். ஈரல் பழுதடைந்தவர்களின் உணவுக்குழாயில் நாளங்கள் வீங்கி வெடிப்பதுண்டு. அவற்றுக்கு றப்பர் வளையம் போடலாம். சுருங்கிய உணவுக்குழாயை விரிக்கலாம். புற்றுநோய் அடைத்த இடத்தில் வலைக்குழாய் வைத்து உணவு இறங்க வழிசெய்யலாம். பெருங்குடலில் பிற்காலத்தில் புற்றுநோயாகக்கூடிய சதை முளைகளைக் கம்பிக் கண்ணியால் அறுத்தெடுக்கலாம். பித்தக்குழாயில் சிக்கிய கல்லையும் எடுக்கலாம்.

பிள்ளைகள் விழுங்கும் நாணயத்தையும் இவ்வாறே எடுப்பார்கள். மணிக்கூட்டு பற்றரியை விழுங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அது உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடும் எரிகாயத்தை உண்டாக்கிவிடும்.

புண் எதனால் வருகிறது?

கவலையும் காரமும்தான் புண்ணுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன், பரி மார்ஷல் ஆகியோர் எண்டொஸ்கோப்பி மூலம் எடுத்த சதைத்துண்டுகளில் ஒரு பற்றீரியாவைக் கண்டார்கள். அதை வளர்க்கும் முயற்சி பலமுறை தோற்றது. 1982 இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் வழமையைவிடக் கூடுதலான நாட்கள் விடப்பட்ட தட்டில் அது வளர்ந்திருந்தது. ஹெலிக்கோபக்டர் பைலோரி எனப்படும் அக்கிருமி பெரும்பாலும் சிறுவயதில், நெருக்கமாக வாழும் வீடுகளில் தொற்றுகிறது. இக்கண்டுபிடிப்புக்கு 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கிருமிகொல்லி மருந்துகளையும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும் வழமையாக இரண்டு வாரம் எடுத்தால் பலருக்கு இது குணமாகிறது. நோவு நின்றதும் குளிசையை நிறுத்துவது, களையை வேரோடு பிடுங்காமல் நுனியை அரிவதற்குச் சமம்.

மற்றக் காரணம் வலிக் குளிசை. நாள் முழுவதும் குனிந்து கொத்தியவருக்கு இடுப்பு நோகும். புரூபன், டைக்குளோபினக் போன்றவற்றை வெறுவயிற்றில் நாள்தோறும் போட்டால் இரைப்பையின் உட்சுவர் புண்ணாகும். வயிறு நோகாமலே புண் வந்து, திடீரென இரத்தம் கசிவதும் உண்டு. எந்தக் குளிசையை எவ்வளவு காலம் எடுத்தீர்கள் என்பதை வைத்தியருக்கு மறைக்காதீர்கள்.

பாதியில் விடாதீர்கள்

சதைத்துண்டின் முடிவு அன்றே கிடைப்பதில்லை. சில வாரங்கள் செல்லலாம். இடம் மாறி வாழ்பவர்கள் தவறுவது இங்கேதான். "கமரா விட்டார்கள், ஒன்றும் சொல்லவில்லை" என்று வீடு திரும்பி, முடிவை எடுக்கப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். எடுக்காத முடிவு எவருக்கும் பயன் தராது. எப்போது வரவேண்டும் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள். இப்போது இருக்கும் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். அறிக்கை, கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு ஆகியவற்றை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். 1995 இல் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது காணி உறுதியை எடுத்தவர்கள்கூட வைத்தியக் கொப்பியை விட்டுவந்தார்கள். அந்த அனுபவம் எமக்குப் போதும்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நோயைப் பற்றித் தன் மொழியில் விளங்கிக்கொள்வது ஒவ்வொருவரின் உரிமை. ஆகவே விளங்காததைக் கேளுங்கள், திரும்பவும் கேளுங்கள்.

இழந்த நிலம் எப்போது கையில் வரும் என்பது எம் கையில் இல்லை. ஆண்டவர் தந்த இந்த உடலைக் காப்பது ஓரளவேனும் எம் கையில் உண்டு. நிலம் திரும்பக் கிடைக்கும் நாளில் அதைக் கொத்தவும் விதைக்கவும் ஆட்கள் வேண்டும். அதற்காகவேனும் ஒரு நாள் கூலியை விட்டு, அந்த ஒரு பரிசோதனைக்குச் சென்று வாருங்கள்.