தராசு மேடையின் உயரம் சரிதானா?

எனது மளிகைக் கடையில் பன்னிரண்டு ஆண்டுகள் எடை போட்டவர் இடுப்பு வலியால் படுத்துவிட்டார். மூன்று வாரம் ஓய்வெடுத்தும் குணமாகாமல் ஊருக்கே போய்விட்டார். அவருக்குப் பதில் வந்தவரும் இரண்டே மாதத்தில் குதிகால் வலி என்றார். அதன் பிறகுதான், எடை போடும் இடத்தில் நானே ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். அறுபது தடவைக்கு மேல் குனிந்திருப்பேன். சர்க்கரையும் துவரம் பருப்பும் தரையில் வாய் பிரித்த மூட்டையில். தராசோ தொடை உயரத்தில்!

வணிகப் பெருமக்கள் ஒவ்வொருவரும் இப்படி ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும்.

எடை போடுவது, பொட்டலம் கட்டுவது போன்ற கைவேலைக்கு, மேடை முழங்கையைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ இருப்பது நல்லது. உயரமானவருக்கு ஏற்ப மேடையை அமைத்து, குட்டையானவருக்குக் காலடியில் அகலமான பலகை போடலாம். தராசுக்கு அடியில் செங்கல், அட்டை என்று முட்டுக் கொடுக்க வேண்டாம். குமிழி வட்டத்தைவிட்டு விலகினால் எடையும் விலகும். முத்திரை ஆய்வாளருக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதிகம் விற்கும் சரக்கு, 25 கிலோ சிப்பம், 15 கிலோ எண்ணெய் டின் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். தீப்பெட்டியும் ஊதுபத்தியும் மேல் தட்டுக்குப் போகட்டும்.

கிடங்குகளில் ஒரு காலத்தில் 100 கிலோ மூட்டை சர்வ சாதாரணம். ஓர் ஆள் சுமக்க 55 கிலோவுக்கு மேல் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. என்னைக் கேட்டால் 50 கிலோவுக்கும் தள்ளுவண்டிதான் சரி. தூக்கியே ஆக வேண்டுமானால் முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருகக் கூடாது. காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும்.

உட்காருவதற்குச் சட்டமே வந்துவிட்டது. கேரளத்தில் 2018-லும், நம் மாநிலத்தில் 2021-லும் கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்து, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயமானது. ஸ்டூல் வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. 'முதலாளி பார்த்துவிடுவாரோ' என்ற பயத்தில் என் கடையில் முதல் வாரம் யாரும் உட்காரவில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரும்படி நானே சொல்ல வேண்டியிருந்தது.

செலவு? தச்சருக்கு இரண்டு நாள் கூலி, கொஞ்சம் பழைய பலகை, சிமெண்ட் தரைக்கு ஒரு ரப்பர் விரிப்பு. ஊருக்குப் போனவருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறேன், எடை போட வேண்டாம், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பில் போடலாம் என்று. இன்னும் பதில் வரவில்லை.