வாளி இறங்கும்போது கயிற்றின் இழுவிசை என்ன?
சுழற்சி இயக்கக் கணக்குகளுக்கு ஓர் எளிய அணுகுமுறை

மேல்நிலை முதலாண்டு இயற்பியலின் ஐந்தாம் அலகில் வரையறை கேட்டால் மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். கணக்கு கேட்டால் இடம் விட்டுவிடுகிறார்கள். சூத்திரங்கள் அவர்களுக்கு மனப்பாடம்தான். எந்தப் பொருளுக்கு எந்தச் சூத்திரம் என்பதில்தான் தடுமாற்றம். விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் கவனித்த வரையில், பல பிழைகளுக்கு வேர் ஒன்றே: கணக்கின் முடிவில் கிடைக்க வேண்டிய விசைக்கு, தொடக்கத்திலேயே ஒரு மதிப்பைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மந்தைவெளியில் பழைய வீடுகள் சிலவற்றில் கிணறும் இரும்புக் கப்பியும் இன்னும் உண்டு. மோட்டார் வந்தபின் கப்பிக்கு வேலை குறைந்தாலும், பிள்ளைகளுக்கு அது தெரிந்த பொருள். அதையே கணக்காக்குகிறேன். எளிமைக்காக, கயிறு கப்பியின் மேலேயே சுற்றப்பட்டு, அதன் முனையில் வாளி தொங்குவதாகக் கொள்வோம். கப்பி 4 கிலோகிராம் நிறையும் 0.1 மீட்டர் ஆரமும் உள்ள திண்ம வட்டத்தட்டு. வாளி 2 கிலோகிராம். அச்சில் உராய்வு இல்லை. கயிறு நழுவாது, அதன் நிறை புறக்கணிக்கத்தக்கது. புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி². வாளியை விட்டால் அதன் முடுக்கம் என்ன?

வகுப்பில் முதலில் வரும் விடை: "இழுவிசை 20 நியூட்டன், மிஸ். வாளியின் எடைதானே!" அதை அப்படியே கரும்பலகையில் எழுதிக் கணக்கைத் தொடரச் சொல்வேன். கப்பியின் நிலைமத் திருப்புத்திறன், நிறை × ஆரத்தின் இருமடி ÷ 2, அதாவது 0.02 கி.கி மீ². திருப்பு விசை 20 × 0.1 = 2 நியூட்டன் மீட்டர். எனவே கோண முடுக்கம் 100 ரேடியன்/வி². பிறகு ஒரு கேள்வி: வாளியின்மேல் கீழ்நோக்கி 20, மேல்நோக்கி 20 நியூட்டன் என்றால், ஓய்வில் இருந்த வாளி நகருமா? நகராது. வாளி நகராமல், அதே கயிறு சுற்றிய கப்பி மட்டும் எப்படிச் சுழலும்? இந்த முரண்பாட்டை மாணவர்களே கண்டுகொண்டால், பின்னால் வரும் விளக்கத்தைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தில் கலைச்சொற்களுக்கும் பங்கு உண்டு. பத்தாம் வகுப்பில் 'விசையின் திருப்புத்திறன்' என்று படித்ததை, பதினொன்றில் 'திருப்பு விசை' என்கிறோம். பெயரில் 'விசை' இருப்பதால் அதையும் ஒரு விசையாகவே எண்ணுகிறார்கள். 'நிலைமத் திருப்புத்திறன்' என்பதோ முற்றிலும் வேறு அளவு. மூன்றின் அலகுகளையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதவைத்தால் வேறுபாடு விளங்கும்: முதல் இரண்டுக்கும் நியூட்டன் மீட்டர், மூன்றாவதற்குக் கி.கி மீ².

இனி முறையான தீர்வு. வாளிக்கு ஒரு படம், கப்பிக்கு ஒரு படம் எனத் தனித்தனியே வரையச் சொல்லுங்கள். இழுவிசையை அறியாத அளவாகவே விட்டுவிட்டு, மூன்று வரிகள் எழுதச் சொல்லுங்கள்.

வாளிக்கு: எடை − இழுவிசை = நிறை × முடுக்கம்
கப்பிக்கு: இழுவிசை × ஆரம் = நிலைமத் திருப்புத்திறன் × கோண முடுக்கம்
இரண்டையும் இணைக்க: முடுக்கம் = ஆரம் × கோண முடுக்கம்

மூன்றாம் வரி, கயிறு நழுவவில்லை என்பதன் கணித வடிவம். மாணவர்கள் அதிகம் மறப்பதும் இதைத்தான். இதை இரண்டாம் வரியில் பயன்படுத்தினால், இழுவிசை = 2 × முடுக்கம் என்று கிடைக்கும். முதல் வரி, 20 − இழுவிசை = 2 × முடுக்கம். இரண்டையும் சேர்த்தால் 20 = 4 × முடுக்கம். ஆக, முடுக்கம் 5 மீ/வி². இழுவிசை 10 நியூட்டன், எடையில் பாதி. கோண முடுக்கம் 50 ரேடியன்/வி².

விடையை ஆற்றலைக் கொண்டு சரிபார்க்கலாம். வாளி 10 மீட்டர் இறங்கினால் அதன் வேகம் 10 மீ/வி, கப்பியின் கோணத் திசைவேகம் 100 ரேடியன்/வி. இழந்த நிலை ஆற்றல் 200 ஜூல். வாளியின் இயக்க ஆற்றல் 100 ஜூல், கப்பியின் சுழற்சி இயக்க ஆற்றல் 100 ஜூல். கணக்கு நேராகிறது. கப்பிக்கு நிறையே இல்லை என்றால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். இழுவிசை சுழியாகி, வாளி தடையின்றி விழும். கப்பி மிக மிகக் கனமானால் வாளி அசைவதே அரிது. அப்போதுதான் இழுவிசை எடையை நெருங்கும்.

சாய்தளத்தில் உருளும் பொருள்களுக்கும் இதே முறைதான். அங்கே முன்கூட்டியே மதிப்புப் பெற்றுவிடுவது உராய்வு விசை. 30 டிகிரி சாய்தளத்தில் 3 கிலோகிராம் வட்டத்தட்டு நழுவாமல் உருள்கிறது; ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. உராய்வு எவ்வளவு? குணகத்தைச் செங்குத்து எதிர்விசையால் பெருக்கி, ஏறக்குறைய 13 நியூட்டன் என்பார்கள். அது உராய்வு எட்டக்கூடிய பெரும மதிப்பு மட்டுமே. மூன்று வரிகளை எழுதித் தீர்த்தால் உண்மையான உராய்வு 5 நியூட்டன் என்று வரும்.

கீழ் வகுப்புகளில் சமன்பாடு இல்லாமலே இதன் அடிப்படையைக் காட்டலாம். ஒரு பலகையைச் சற்றே சாய்த்து, கோலிக்குண்டு, கேரம் காய், மெல்லிய வளையல் மூன்றையும் ஒரே கோட்டிலிருந்து ஒன்றாக உருளவிடுங்கள். காயையும் வளையலையும் விளிம்பில் நிறுத்திவிட வேண்டும். யார் முதலில் வருவார் என்று முன்பே ஊகிக்கச் சொல்லுங்கள். கோலி முதலில், காய் அடுத்து, வளையல் கடைசியில் வரும். உராய்வின்றிச் சறுக்கும் பொருளின் முடுக்கத்தில் கோலிக்கு 5/7 பங்கு, காய்க்கு 2/3 பங்கு, வளையலுக்கு 1/2 பங்குதான் கிடைக்கிறது. நிறையோ அளவோ இதைத் தீர்மானிப்பதில்லை. நிறை அச்சிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளது என்பதே தீர்மானிக்கிறது. வளையலில் நிறை முழுவதும் விளிம்பில் இருப்பதால், ஆற்றலில் பாதி சுழற்சிக்குப் போய்விடுகிறது.

நம் பள்ளிகளில் படிக்கும் பலருக்குத் தனிப்பயிற்சி கிடையாது. வகுப்பில் புரிந்தால்தான் உண்டு. ஆகவே வகுப்புத் தேர்வுகளில் இறுதி விடைக்கு மட்டும் அல்லாமல் இரு படங்களுக்கும், ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே மதிப்பெண் கொடுங்கள். இடம் விட்டுவந்த மாணவர் முதலில் படம் வரைவார். பிறகு ஒரு வரியாவது எழுதிப் பார்ப்பார். அந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு அவரை அழைத்துச் செல்ல நம்மால் முடியும்.