வண்ணம் ஒருவருடையது, ஓட்டுபவர் இன்னொருவர்

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விமானத்தின் வாலில் டெல்டா. டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் ஸ்கைவெஸ்ட். யார் சார் இது?"

அவரை ஏற்றிச் சென்றவர்கள்! பைலட் முதல் தண்ணீர் கொடுத்த பணிப்பெண் வரை ஸ்கைவெஸ்ட் ஊழியர்கள். யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜில் ரால்ஃப் ஆட்கின் என்ற வழக்கறிஞர் 1972-இல் ஒரு குட்டி விமான நிறுவனத்தை வாங்கித் தொடங்கியது. 1980-களின் நடுவில் வெஸ்டர்ன் என்ற பெரிய நிறுவனத்துக்காகப் பறக்க ஆரம்பித்தது. 1987-இல் வெஸ்டர்னை டெல்டா விழுங்கியதும் இதுவும் டெல்டா வண்ணத்துக்கு மாறியது. இன்று யுனைடெட், அமெரிக்கன், அலாஸ்கா ஆகிய நிறுவனங்களுக்கும் பறக்கிறது.

எங்கள் தெருவில் ஒருவர் பள்ளிக்கு வேன் ஓட்டினார். பள்ளியின் பெயர், பள்ளிக் கணக்கில் டீசல். பிள்ளைகள் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு நடைக்கு இவ்வளவு என்று பணம். ஸ்கைவெஸ்டுக்கும் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான்.

இதில் எனக்குப் பிடித்த கூத்து, சிஆர்ஜே-550 என்ற விமானம். ஸ்கைவெஸ்ட் போன்ற துணை நிறுவனங்களின் குறைந்த சம்பளக்காரர்களிடம் எல்லாத் தடங்களையும் தள்ளிவிடுவார்களோ என்று பெரிய நிறுவனங்களின் பைலட் சங்கங்கள் பயந்தன, நியாயமான பயம். ஒப்பந்தத்தில் வரம்பு போட்டன: துணை நிறுவன விமானத்தில் 76 இருக்கைக்கு மேல் கூடாது, எடை சுமார் 39 டன்னைத் தாண்டக் கூடாது, 50 இருக்கை விமானங்களுக்குத் தனிக் கணக்கு. யுனைடெட் என்ன செய்தது? அந்தத் தனிக் கணக்கில் சேரும்படி, 70 பேர் உட்காரும் சிஆர்ஜே-700-ஐ எடுத்து, 50 இருக்கைகளை மட்டும் விட்டு, காலியான இடத்தில் பெட்டி வைக்கும் அலமாரிகளும் நொறுக்குத்தீனி மேடையும் அமைத்தது. அனுமதிக்கப்பட்ட எடையையும் சான்றிதழில் குறைத்தாயிற்று. 2019 முதல் அது பறக்கிறது. மறுபக்கம், எரிபொருளை மிச்சப்படுத்தும் எம்ப்ரேயர் 175-இ2, எடை வரம்பைத் தாண்டுவதால் இந்த நிறுவனங்களிடம் விலைபோகவில்லை.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே காண்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயரில் பறந்த கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். துணை பைலட் சொற்பச் சம்பளக்காரர்; முந்தைய இரவு முழுக்க சியாட்டிலிலிருந்து விமானம் மாறி மாறி வந்து வேலையில் ஏறியவர். பெயரை வாடகைக்குக் கொடுப்பவர் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டாமா? அதன்பிறகுதான், விமானத்தை இயக்குவது யார் என்பதை டிக்கெட் இணையதளங்கள் தேடலின் முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று 2010-இல் சட்டம் வந்தது. துணை நிறுவன பைலட்டுகளின் சம்பளம் கணிசமாக உயர்ந்ததோ, பைலட் கிடைக்காமல் தவித்த 2022-இல்.