மறுமொழிக் குறி

கடிதத்தின் தொடக்கத்தில் ‘பொருள்’ என்று ஒரு வரி எழுதுவது அலுவலகங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். கடிதம் முழுவதையும் படிக்காமலே, அஃது எதைப் பற்றியது என்பதை அவ்வரியால் அறியலாம். மின்னஞ்சலும் இவ்வழக்கத்தை மேற்கொண்டது. வந்த மடலுக்கு நாம் மறுமொழி எழுதப் புகுந்தால், மின்னஞ்சல் மென்பொருள் பழைய பொருள் வரியை எடுத்து, அதன் முன் ஆர், இ என்னும் இரண்டு எழுத்துகளையும் ஒரு முக்காற்புள்ளியையும் தானே இட்டுவிடுகின்றது.

இவ்வெழுத்துகள் மறுமொழியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் எனப் பலர் கருதுவர். உண்மை அதுவன்று. இலத்தீன் மொழியில் ‘ரேஸ்’ என்னும் சொல் பொருளைக் குறிக்கும். அதன் வேற்றுமை வடிவமாகிய ‘ரே’ என்பதே இக்குறி. ‘இன்ன பொருள் குறித்து’ என்பது அதன் கருத்து. நம் அலுவலகக் கடிதங்களில் பொருள் வரியின் இறுதியில் ‘தொடர்பாக’ என எழுதுகின்றோம் அல்லவா? இஃது அதற்கு ஒப்பானது.

மென்பொருள்கள் பல மொழிகளில் வெளிவந்தபோது, இக்குறியையும் சில மொழிபெயர்த்தன. ஜெர்மானியர் ‘மறுமொழி’ என்னும் தம் சொல்லைச் சுருக்கி ஏ, டபிள்யூ என இட்டனர். ஸ்வீடன் நாட்டார் எஸ், வி என்றனர். பின்லாந்தினர் வி, எஸ் என்றனர். தம் மொழியில் எழுத விரும்புவது இயல்பே. ஆயினும் இதனால் ஓர் இடர் விளைந்தது.

ஜெர்மானியர் ஒருவரும் ஸ்வீடன் நாட்டார் ஒருவரும் மடல் எழுதிக்கொள்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவருடைய மென்பொருள் இட்ட குறியை மற்றவருடைய மென்பொருள் அறியாவிடின், அதனையும் பொருளின் பகுதியாகவே எண்ணித் தன் குறியை அதன் முன் சேர்க்கும். சில மடல்களுக்குள் குறிகள் வரிசையாக நிற்க, உண்மையான பொருள் பின்னே தள்ளப்படும். பொருள் வரியை ஒப்பிட்டு மடல்களைத் தொகுக்கும் மென்பொருள், ஒரே உரையாடலைப் பல துண்டுகளாகப் பிரித்துவிடவும் கூடும். மேலும், பின்லாந்தில் மறுமொழியைக் குறிக்கும் வி, எஸ் என்னும் எழுத்துகளே டென்மார்க்கில் ‘பிறர் மடலை அனுப்பியது’ என்பதைக் குறிக்கின்றன. ஆதலின், தம் வினாவுக்கு வந்த விடையை யாருக்கோ எழுதிய மடல் என எண்ணி ஒருவர் ஒதுக்கிவிடவும் இடமுண்டு.

இவ்விடரைத் தவிர்க்க வழி யாது? இணையப் பொறியியல் பணிக்குழு 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட 5322 எண்ணுள்ள ஆவணம், மறுமொழிக் குறி இடுவதானால் இலத்தீன் குறியையே, அதுவும் ஒரு முறை மட்டுமே, இடுதல் வேண்டும் என்கின்றது. சில மென்பொருள்களில் பிற மொழிக் குறிகளையும் மறுமொழிக் குறிகளாக ஏற்குமாறு அமைத்துக்கொள்ளலாம். இவற்றினும் உறுதியான வழி ஒன்று மடலின் தலைப்பகுதியிலேயே உண்டு. ஒவ்வொரு மடலுக்கும் தனி அடையாளம் ஒன்று அளிக்கப்படுகின்றது. மறுமொழி மடல், தான் எம்மடலுக்கு விடையோ அம்மடலின் அடையாளத்தைத் தன்னுள் தாங்கிச் செல்லும். நம் கண்ணுக்கு அது பொதுவாகப் புலப்படாது. எனினும், அதனைப் பின்பற்றும் மென்பொருள் மொழி எதுவாயினும் மடல்களை முறையாகக் கோத்துவிடும்.

மாணவர்களே! மனிதர் படிப்பதற்குரிய சொல் அவரவர் மொழியில் இருத்தல் நன்று. இயந்திரங்கள் தமக்குள் அறிந்துகொள்ளும் அடையாளமோ எங்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே வரியில் கலந்ததனாலேயே குழப்பம் நேர்ந்தது. இரண்டையும் வேறு பிரித்து வைத்தால், மொழியும் வாழும். உரையாடலும் அறாது தொடரும்.