ஐஇசி கோட் கையில இருந்தா எதையும் ஏற்றுமதி செய்யலாமா? பலரும் கவனிக்காத விதி இதுதான்!

"வீட்டில் இருந்தபடியே ஏற்றுமதி செய்யலாம், லைசென்ஸ் நாங்களே எடுத்துத் தருகிறோம்." சமூக வலைதளங்களில் இப்படி வரும் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மசாலா பொடி, கருவாடு, கைத்தறிச் சேலை என்று சின்ன அளவில் தொழில் செய்யும் பலர், இதை நம்பி ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். அவர்கள் 'லைசென்ஸ்' என்று சொல்வது பெரும்பாலும் ஐஇசி எனப்படும் ஏற்றுமதி, இறக்குமதி குறியீட்டு எண்ணைத்தான்.

அது லைசென்ஸே இல்லை என்பதுதான் இதில் முதல் விஷயம்.

ஐஇசி என்றால் என்ன?

1992-ம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தக (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, இந்த எண் இல்லாமல் யாரும் வணிக நோக்கில் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பவோ அங்கிருந்து வரவழைக்கவோ முடியாது. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்கும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி, இதை வழங்குகிறது. 10 இலக்கம் கொண்ட எண். ஜிஎஸ்டி வந்த பிறகு உங்கள் பான் எண்ணேதான் ஐஇசி எண்ணும்.

சரி, செலவு எவ்வளவு? அரசுக் கட்டணம் 500 ரூபாய் மட்டுமே. டிஜிஎஃப்டியின் அதிகாரப்பூர்வ தளத்தில் பான், முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை அல்லது வங்கிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொடுத்து, ஆதார் ஓடிபி மூலம் கையெழுத்திட்டால் போதும். ஆன்லைனிலேயே வந்துவிடும். கூகுளில் தேடும்போது விளம்பரமாக மேலே வந்து நிற்கும் தளங்கள் பெரும்பாலும் தனியாருடையவை. பணம் கட்டுவதற்கு முன் தள முகவரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எடுத்து வைத்துவிட்டு மறந்துபோவதும் ஆபத்து. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் ஐஇசி விவரங்களை ஆன்லைனில் அப்டேட் செய்ய வேண்டும். முகவரி, வங்கிக் கணக்கு எதுவுமே மாறவில்லை என்றாலும் 'மாற்றம் இல்லை' என்று உறுதி செய்தாக வேண்டும். இந்த மூன்று மாதங்களில் செய்தால் கட்டணம் கிடையாது. தவறினால் எண் முடக்கப்படும். பிறகு அப்டேட் செய்து உயிர்ப்பித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அதுவரை துறைமுகத்தில் சரக்கு நகராது.

உண்மையான தடை பொருளில்தான்

ஐஇசி உங்களை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். நீங்கள் அனுப்பும் பொருளை அனுப்பலாமா என்பதை முடிவு செய்வது வேறொரு பட்டியல். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எச்எஸ் குறியீடு உண்டு. அதற்கு எதிரே தாராளமாக அனுப்பலாமா, தனி அனுமதி வேண்டுமா, அரசு நிறுவனம் மூலம் மட்டும்தானா, முற்றிலும் தடையா என்று குறிப்பிடப்பட்டிருக்கும். 'அனுமதி' தேவைப்படும் இடத்தில் டிஜிஎஃப்டி தருவதுதான் நிஜமான லைசென்ஸ். நம்ம ஊர் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மயில் இறகு விசிறிகூட ஏற்றுமதிக்குத் தடை செய்யப்பட்ட பொருள்தான்.

இந்தப் பட்டியல் நிரந்தரமும் இல்லை. ஒரே ராத்திரியில் மாறலாம். அரிசியில் அதுதான் நடந்தது.

2023 ஜூலை 20. பாசுமதி அல்லாத பச்சரிசி, 20 சதவீத வரியுடன் அனுப்பலாம் என்ற நிலையிலிருந்து 'தடை' பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஓராண்டில் உள்நாட்டு சில்லறை விலை 11.5 சதவீதம் ஏறிவிட்டது என்பது அரசு சொன்ன காரணம். நாட்டின் மொத்த அரிசி ஏற்றுமதியில் சுமார் கால் பங்கு இந்த ரகம். அறிவிப்பு வந்த சில நாட்களில் அமெரிக்காவின் இந்திய மளிகைக் கடைகளில் மக்கள் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிய வீடியோக்கள் வைரலானது பலருக்கும் நினைவிருக்கும்.

ஏற்கெனவே ஆர்டர் எடுத்தவர்கள் என்ன ஆனார்கள்? இங்குதான் சிக்கல். வழக்கமாகத் திடீர் கட்டுப்பாடு வந்தால், அதற்கு முன்பே வங்கி மூலம் ரத்து செய்ய முடியாத கடன் உறுதிக் கடிதம், அதாவது 'எல்சி' பெற்றவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அரிசி விஷயத்தில் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று அறிவிப்பிலேயே எழுதிவிட்டார்கள். அறிவிப்புக்கு முன் கப்பலில் ஏற்றும் வேலை தொடங்கியிருக்க வேண்டும், அல்லது ஷிப்பிங் பில் தாக்கல் செய்து கப்பலும் துறைமுகத்துக்கு வந்திருக்க வேண்டும், அல்லது சரக்கு சுங்கத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். நெல் வாங்கி, அரைத்து, மூட்டை கட்டி குடோனில் வைத்திருந்தவருக்கு எந்த வழியும் இல்லை. விலையைக் கட்டுப்படுத்துவது அரசின் கடமை என்றாலும், அந்த நஷ்டம் முழுக்க விழுந்தது ஒப்பந்தத்தை நம்பி முதல் போட்டவர் தலையில்தான்.

ஆகஸ்ட் 25-ல் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி விதிக்கப்பட்டது. பூட்டான், மொரீஷியஸ், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளுக்கு மட்டும் அரசு அனுமதி மூலம் பச்சரிசி போனது. இதில் சிங்கப்பூரின் பங்கு 50,000 டன். தடை நீங்க 2024 செப்டம்பர் 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் டன்னுக்கு 490 டாலர் குறைந்தபட்ச விலை என்ற நிபந்தனை இருந்தது. அடுத்த மாதமே அதுவும் எடுக்கப்பட்டது.

வெங்காயம் பக்கமும் இதே கதை. 2023 டிசம்பரில் தடை, 2024 மே மாதத்தில் தளர்வு, ஆனால் 40 சதவீத வரியோடு.

புதிதாக வருபவர்கள் எதைப் பார்க்கணும்?

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் பொருளின் எச்எஸ் குறியீட்டைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். அரிசியிலேயே பச்சரிசிக்கு ஒன்று, புழுங்கலுக்கு வேறொன்று, நொய்க்கு இன்னொன்று. பிறகு அந்தக் குறியீட்டுக்கான சமீபத்திய அறிவிப்பை டிஜிஎஃப்டி தளத்தில் பாருங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழைய பிடிஎஃப் போதாது. மசாலாப் பொருட்களுக்கு ஸ்பைசஸ் போர்டு பதிவும் தனியாகத் தேவை.

விதியை மீறி அனுப்பினால் அபராதம் குறைந்தது 10,000 ரூபாய். அதிகபட்சமாகச் சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை போகலாம்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அம்மா பார்சலில் அனுப்பும் இட்லிப் பொடிக்கு? சொந்த உபயோகத்துக்கான, வியாபாரம் சாராத பொருள் என்பதால் ஐஇசி தேவையில்லை. ஆனால் தனி அனுமதி தேவைப்படும் பட்டியலில் இருக்கும் பொருளை 'கிஃப்ட்' என்று எழுதினாலும் அனுமதியில்லாமல் அனுப்ப முடியாது.