குழாயை உடைப்பது எது?

கனடா நாட்டின் விண்ணிப்பெக் நகரில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செண்டிகிரேடுக்கும் கீழே இறங்குவது வழக்கம். கோடையில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கென்று அந்நாட்டில் பலர் 'கேம்பர் வேன்' வைத்திருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி, வெந்நீர்க் கலம் ஆகியவை அடங்கிய, சக்கரம் வைத்த சிறு வீடு அது. குளிர்காலம் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். அதன் குழாய்களில் நீர் மிஞ்சியிருந்தால், வசந்தத்தில் பம்பை இயக்கியதும் பலகைகளுக்குப் பின்னாலிருந்து நீர் பீறிடும். குழாய் வெடித்ததோ பனிக்காலத்தில். வெடிப்பைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருந்ததால், அது உருகும்வரை எதுவும் வெளியே தெரியவில்லை.

நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் பெருகுகிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். பனிக்கட்டியில் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில், இடையே வெற்றிடம் விட்டு அடுக்கப்படுவதே காரணம். 'ஆகவே பெருகும் பனிக்கட்டி குழாயின் சுவரை நெருக்கி உடைக்கிறது' என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அது பாதி உண்மைதான்.

குழாய் நீளமானது. உறையும் நீர் பக்கவாட்டில் மட்டுமன்றி, நீளவாக்கிலும் பெருகலாம். முதலில் ஓரிடத்தில் பனிக்கட்டி குழாயை முழுவதும் அடைக்கிறது. அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் இடையே கொஞ்சம் நீர் சிக்கிக்கொள்கிறது. அடைப்பு வளர வளர, அது உந்துதண்டைப் போல நீரைத் தள்ளுகிறது. நீரை அமுக்குவது எளிதன்று என்பதால் அழுத்தம் விரைவாக ஏறுகிறது. இறுதியில் மிகவும் பலவீனமான இடம் விட்டுக்கொடுக்கிறது. அந்த இடத்தில் பனிக்கட்டியே இல்லாமலும் இருக்கலாம்! அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990-களில் செய்யப்பட்ட சோதனைகள் இதைத் தெளிவாக்கின.

எவ்வளவு அழுத்தம் ஏறும்? அழுத்தம் கூடினால் நீரின் உறைநிலை தாழும். மைனஸ் 5 டிகிரியில் நீர் மேற்கொண்டு உறையாமல் நிற்க வேண்டுமானால் சுமார் 600 வளிமண்டல அழுத்தம் தேவை. அதுவரை பனி வளர்ந்துகொண்டே போகும். வண்டியின் பம்பு தரும் அழுத்தமோ 3 அல்லது 4 வளிமண்டலம்தான். அதற்கென்று செய்யப்பட்ட இணைப்புகள் 600-க்கு எங்கே தாங்கும்? இக்காலத்து பிளாஸ்டிக் குழாய்கள் சற்று விரிந்து கொடுக்கின்றன. பம்பும் வால்வும் இணைப்புகளும் அப்படி விரிவதில்லை.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ குளிர்பதனப் பெட்டி இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் புட்டிகளில் ஒன்றைக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். மற்றதில் முக்கால் பங்கு நீர் ஊற்றி மூடுங்கள். உறைய வைத்தபின் நிறைந்த புட்டி உப்பி உருமாறியிருக்கும். மற்றதில், அமுங்கக்கூடிய காற்று இடம் கொடுத்துவிடும். கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம். சிதறினால் கண்ணுக்கு ஆபத்து.

குழாய்களுக்குக் கம்பளிபோல் ஏதேனும் சுற்றிவிட்டால் போதாதா? போதாது. உறை வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, வெப்பத்தை உண்டாக்காது. அதிலும் குழாய்தான் முதலில் உறையும். 1.2 செ.மீ. விட்டமுள்ள குழாயில் ஒவ்வொரு கன செ.மீ. நீருக்கும் 3.3 சதுர செ.மீ. பரப்பு உண்டு. 100 லிட்டர் கொள்ளும் கன சதுரத் தொட்டியில் அது 0.13 தான். ஏறத்தாழ 25 மடங்கு வேறுபாடு! தொட்டி நீர் 0 டிகிரிக்கு வந்தபின்னும், முழுவதும் உறைய கிராமுக்கு 80 கலோரி வீதம் 80 லட்சம் கலோரியை இழக்க வேண்டும். ஓர் இரவில் அது நடப்பது அரிது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆதலால் நீரை வெளியேற்றுவதே முதல் வேலை. தாழ்வான இடங்களிலுள்ள வடிகால் திருகுகளையும் எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுகிறார்கள். காற்றழுத்தியால் மிதமாக ஊதி எஞ்சிய நீரைத் தள்ளுகிறார்கள். ஜெர்மானிய வெந்நீர்க் கலங்கள் சிலவற்றில், சுமார் 3 டிகிரிக்கு இறங்கியதும் தானே திறந்து நீரை வடித்துவிடும் வால்வு உண்டு. மிக அழகான ஏற்பாடு!

ஆனால் தொட்டிக்கு அடியிலுள்ள வளைகுழாய் நீரைத் தேக்குவதற்கென்றே அமைந்தது. பம்பின் உள்ளும் கொஞ்சம் தங்கும். அங்கே புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த உறைதடுப்பு நீர்மத்தைச் செலுத்துகிறார்கள். இதன் மூலக்கூறுகள் நீர் மூலக்கூறுகளுக்கிடையே புகுந்து, அவை பனிப்படிகமாக அணிவகுப்பதைக் கடினமாக்குகின்றன. சரிபாதி கலவை மைனஸ் 30 டிகிரியிலும் உறையாது. அதற்குக் கீழே போனாலும் திடீரென்று கட்டியாகாமல், நீர்மத்தில் மிதக்கும் படிகக் கூழாகிறது. கூழ் நகரும், அடைக்காது. எஞ்சிய நீர் இதை நீர்க்கச் செய்யும் என்பதால்தான் முதலில் வடிக்க வேண்டும். வெந்நீர்க் கலத்துக்கு மாற்றுவழிக் குழாய் வைப்பது சிக்கனத்துக்காக; இல்லாவிட்டால் அதுவே 20 லிட்டருக்கு மேல் விழுங்கிவிடும்.

மலிவு என்று உப்பைக் கரைத்தால் என்ன? உறைநிலை இறங்கும், உலோகமும் அரிக்கும். கார் எஞ்சினில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலோ அதைவிடக் கொடியது. இனிப்பான நஞ்சு அது. உடலில் ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து உயிரையே பறிக்கும். குடிநீர்க் குழாயில் அதற்கு இடமே இல்லை. பெயர்கள் ஒத்திருப்பதால், புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படித்துவிட்டே ஊற்ற வேண்டும்.

வசந்தத்தில் எல்லாவற்றையும் நல்ல நீரால் அலசிய பிறகு ஓர் எளிய சோதனை உண்டு. திருகுகளை மூடிவிட்டுப் பம்பை இயக்குகிறார்கள். போதிய அழுத்தம் ஏறியதும் அது தானே நின்றுவிட வேண்டும். யாரும் திருகைத் தொடாதபோதே சற்று நேரத்துக்கொரு முறை பம்பு ஓடி ஓடி நின்றால், எங்கோ பலகைக்குப் பின்னால் ஒரு கீறல் கசிகிறது என்று பொருள்.