‘ஏர்போர்ட்ல திருப்பி அனுப்பிடுவாங்களா?’ – கள்ளக்குறிச்சியிலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம்

மலேசியா டூர் பற்றிப் பேசிய எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். சின்னசேலத்திலிருந்தும் கேட்டிருக்காங்க, சங்கராபுரத்திலிருந்தும் கேட்டிருக்காங்க, மேலே வெள்ளிமலையிலிருந்தும் கேட்டிருக்காங்க. "டிக்கெட், ஓட்டல் எல்லாம் போட்டுட்டோம். அங்கே போய் இறங்கினதும் திருப்பி அனுப்பிட்டா என்ன பண்றது?"

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. 2023 டிசம்பர் 1-ஆம் தேதியிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே மலேசியா போய் வரலாம். அந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்காங்க. விசா இருந்த காலத்தில் உங்களைப் பற்றிய விசாரணையைத் தூதரகம் முன்னாடியே முடிச்சிடும். இப்போ அந்த விசாரணை முழுக்க கோலாலம்பூர் ஏர்போர்ட் கவுண்டருக்கு இடம் மாறிடுச்சு. அதனால்தான் விசா வேண்டாம் என்ற பிறகு சோதனை கூடின மாதிரி தெரியுது. 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவின் நுழைவு வாசல்களை ஏகேபிஎஸ் என்ற தனி அமைப்பு பார்த்துக்குது. சுற்றுலா என்று சொல்லி வந்து, தங்குகிற இடமும் காட்ட முடியாமல், செலவுக்குப் பணமும் காட்ட முடியாமல் நிற்கிறவர்களை அவங்க ‘நாட் டு லேண்ட்’ என்று எழுதித் திருப்பி அனுப்புறாங்க.

அந்த அதிகாரி உங்களைத் திருடன் என்று நினைத்துக் கேள்வி கேட்பதில்லை. அவருக்குத் தெரியவேண்டியது ஒரே விஷயம்: இவர் திரும்பிப் போவாரா, இல்லை இங்கேயே வேலைக்குத் தங்கிடுவாரா? எங்கே தங்குறீங்க, எத்தனை நாள், கூட யார் வர்றாங்க, கையில் எவ்வளவு இருக்கு என்று நாலு விதமாகக் கேட்டாலும் எல்லாம் அந்த ஒரு கேள்விதான். இதைப் புரிஞ்சுக்கிட்டால் பாதிப் பயம் போயிடும்.

மீதிப் பாதிக்கு நம்ம ஊருக்கே உரிய இரண்டு காரணம் இருக்கு. சென்னையில் இருந்து போகிற ஐடி ஊழியருக்கு இந்த இரண்டும் பெரும்பாலும் வராது.

முதலாவது, ஈசிஆர். பத்தாவது பாஸ் செய்யாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘எமிக்ரேஷன் செக் ரெக்வயர்டு’ என்று போட்டிருக்கும். 1983-ஆம் வருஷத்து எமிக்ரேஷன் சட்டப்படி வந்த ஏற்பாடு இது. அதிகம் படிக்காதவர்களை ஏஜென்ட்கள் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் ஏமாற்றக்கூடாது என்பதற்காக வைத்த காவல். சவுதி, குவைத், ஐக்கிய அமீரகம், மலேசியா, தாய்லாந்து என்று 18 நாடுகள் இதில் வருது. இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகிற ஈசிஆர்காரர், அரசின் எமிக்ரேஷன் அனுமதி வாங்கித்தான் விமானம் ஏறணும்.

கல்வராயன் மலையை நினைச்சுப் பாருங்க. 1976 வரைக்கும் மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. அதற்குப் பிறகுதான் அரசு நிர்வாகம் முழுசாக உள்ளே வந்தது. இன்று நாற்பது, நாற்பத்தைந்து வயதில் இருக்கிற மலையாளிப் பழங்குடி அம்மாக்களில் எத்தனை பேர் பத்தாவது வரை போயிருப்பாங்க? (மலையாளி என்றால் கேரளா என்று நினைச்சுக்காதீங்க, மலையை ஆளுகிறவர் என்ற பொருளில் வந்த பெயர் என்று சொல்வாங்க. சாதிச் சான்றிதழைப் பார்த்துட்டு ‘எந்த ஜில்லா கேரளாவுல?’ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப்போனவங்க நிறைய.) ஆக, மலையிலிருந்து முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுக்கிறவங்களுக்கு ஈசிஆர் விழ வாய்ப்பு அதிகம்.

ஒரு தம்பி எழுதியிருந்தார்: "எங்க அம்மாவுக்கு ஈசிஆர். பத்துமலை பார்க்கணும்னு ஆசை. ஈசிஆர் இருந்தா டூரே போக முடியாதுன்னு கடையில சொல்லிட்டாங்க." அது தப்பு. வேலை அல்லாத காரணத்துக்குப் போகிற ஈசிஆர்காரர்களுக்கு எமிக்ரேஷன் அனுமதி தேவையில்லை. 2007 அக்டோபரிலிருந்தே அப்படித்தான். செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா தேவைப்படும் நாடு என்றால் விசா, திரும்பி வருகிற டிக்கெட் – இதைக் காட்டிப் போகலாம். ஆனால் திருச்சியிலோ சென்னையிலோ நம்ம ஊர் இமிக்ரேஷன் கவுண்டரிலேயே உங்களைக் கூடுதலாகக் கேட்பாங்க. ஈசிஆர் பாஸ்போர்ட், தனியாகப் போகிற 25 வயசுப் பையன், திரும்பி வருகிற டிக்கெட் இல்லை – இப்படி இருந்தால் அங்கேயே நிறுத்திடுவாங்க. இதில் நான் அதிகாரிகள் பக்கம்தான். 2022-ல் தாய்லாந்து வழியாகக் கூட்டிப்போய் மியான்மரில் சைபர் மோசடி வேலையில் அடைத்துவைத்த தமிழ் இளைஞர்களை மீட்டுக் கூட்டி வந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அந்தக் கேள்விகள் எரிச்சலாக இருக்கும், ஆனாலும் தேவை.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். ஐம்பது வயது தாண்டினால் ஈசிஆர் தேவையில்லை. வருமான வரி கட்டுகிறவருக்கும் தேவையில்லை. அவருடைய மனைவிக்கும் தேவையில்லை. பிறகு பத்தாவது எழுதிப் பாஸ் செய்திருந்தாலும் பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்து நீக்கிக்கலாம். இதையெல்லாம் விண்ணப்பம் போடும்போதே சொல்லியிருந்தால் ஈசிஆர் விழுந்திருக்காது. கம்ப்யூட்டர் சென்டரில் அவசரத்தில் தட்டுகிறவருக்கு உங்க வீட்டு நிலவரம் தெரியாது. நீங்கதான் சொல்லணும்.

இரண்டாவது காரணம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயர், முன்னால் ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுதணும். அதனால் பல பேர் ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விட்டுட்டு வெறும் ‘செல்வி’ என்று எடுத்துடுறாங்க. நம்ம நாட்டுக்குள் அது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் 2022 நவம்பர் 21-லிருந்து ஐக்கிய அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிடுச்சு. அப்போ தமிழ்நாட்டில் எத்தனை குடும்பம் தவிச்சிருக்கும்! கொஞ்ச நாளிலேயே, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று தளர்த்தினாங்க. அமெரிக்க விசாவில் இதே ஒற்றைப் பெயர்காரர்களுக்கு ‘எஃப்என்யூ’ என்று ஒரு பெயர் முளைக்கும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம்.

புதுசாக எடுக்கிறவங்களுக்கு என் யோசனை: அப்பா பெயரையோ கணவர் பெயரையோ விரித்து சர்நேம் கட்டத்தில் போடுங்க, உங்க பெயரைக் ‘கிவன் நேம்’ கட்டத்தில் போடுங்க. கல்யாணம் ஆன பெண்கள் கணவர் பெயருக்கு மாத்தியே ஆகணும் என்ற கட்டாயம் இல்லை. எதைப் போட்டாலும் டிக்கெட்டிலும் அதே எழுத்து இருக்கணும். ஆதாரில் ‘செல்வி எம்’, டிக்கெட்டில் ‘எம் செல்வி’, பாஸ்போர்ட்டில் ‘செல்வி முருகேசன்’ என்று இருந்தால் செக்-இன் கவுண்டரிலேயே தலைவலி ஆரம்பிச்சிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், கவுண்டரில் ஆக வேண்டிய வேலை கொஞ்சம்தான். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாசம் ஆயுள் இருக்கணும். மலேசியாவுக்கு எம்டிஏசி என்ற வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பணும். சிங்கப்பூருக்கும் இதே மாதிரி ஒன்று இருக்கு. தாய்லாந்துக்கு 2025 மே மாதத்திலிருந்து வந்திருக்கு. மூன்றும் இலவசம். பணம் கேட்கிற தளம் என்றால் அது அரசு தளம் இல்லை, மூடிடுங்க. ஓட்டல் முன்பதிவு, திரும்பி வருகிற டிக்கெட் இரண்டையும் காகிதத்தில் எடுத்துக்கிட்டுப் போங்க. போனில் இருக்குன்னு போய், அங்கே நெட் கிடைக்காமல் தடவிக்கிட்டு நிற்காதீங்க. குரூப்பாகப் போனால் எல்லாக் காகிதத்தையும் டூர்காரர் ஒருத்தர் கையில் கொடுத்துடாதீங்க. கவுண்டரில் நீங்க தனியாகத்தான் நிற்பீங்க. ஓட்டல் பேர் தெரியாமல் ‘அவரைக் கேளுங்க’ என்று கை நீட்டினால் சந்தேகம் அங்கேதான் தொடங்கும். இங்கிலீஷ் வரலைன்னா கூச்சப்படாமல் தமிழ் பேசுகிற ஆள் வேணும்னு கேளுங்க. இறங்கின பிறகு கவுண்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றிக்கிட்டு இருக்காதீங்க. யாராவது வந்து கூட்டிப்போவாங்கன்னு காத்திருக்கிறவர் என்றுதான் நினைப்பாங்க.

பையைப் பற்றி ஒன்றே ஒன்று. கசகசா. நம்ம வீட்டுக் குருமா மசாலாவில் இருக்கிற அதே கசகசாதான். அமீரகத்தில் அது தடை. சிங்கப்பூரிலும் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. அபின் செடியின் விதை என்பதுதான் காரணம். வீட்டில் அரைத்த பொடி என்று சொன்னால் அங்கே எடுபடாது. வாயில் அடக்குகிற புகையிலையும் சிங்கப்பூரில் தடை. பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்குக் கொடுக்கிற பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீங்க. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கட்டும்.

அமெரிக்காவில் போனை வாங்கிப் பார்க்கிறாங்களாமே என்றும் இரண்டு பேர் கேட்டிருக்கீங்க. பார்க்கிறாங்க, சட்டத்தில் இடம் இருக்கு. ஆனால் அவங்க கொடுத்த கணக்குப்படியே 2024 நிதியாண்டில் சோதித்தது சுமார் 47,000 கருவிகள். வந்து இறங்கியவர்களில் இது சுமார் 0.01 சதவீதம்தான்.

சரி, எல்லாம் செய்தும் திருப்பி அனுப்பிட்டால்? அது கைது இல்லை, ஜெயிலும் இல்லை. உங்களைக் கூட்டி வந்த விமான நிறுவனமே திரும்ப ஏற்றிக்கொண்டு வரணும். அதுவரை ஏர்போர்ட்டிலேயே காத்திருக்கணும், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். டிக்கெட், ஓட்டல் பணம் பெரும்பாலும் போச்சு. பிறகு வேறு நாட்டு விசா விண்ணப்பத்தில் ‘இதுக்கு முன்னாடி எங்கேயாவது நுழைவு மறுத்திருக்காங்களா’ என்று கேட்டால் ஆமாம் என்று எழுதி, காரணத்தையும் எழுதுங்க. மறைத்தால் அந்த விசா போகிறது மட்டுமில்லை, அடுத்தடுத்ததும் போகும்.

கைதும் ஜெயிலும் வேறு ஒரு கதை. சுற்றுலா என்று உள்ளே போய் 30 நாளைத் தாண்டித் தங்கினால் மலேசிய குடிவரவுச் சட்டப்படி குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ‘டூரிஸ்டாப் போ, அங்கே போய் பெர்மிட் மாத்திக்கலாம்’ என்று சொல்கிற ஏஜென்ட் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் உங்களிடம் வந்தால், அவர் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்க. பதிவு செய்த ஏஜென்ட்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கு. முறையாக வேலைக்குப் போகிற ஈசிஆர்காரருக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான். டூரிஸ்டாகப் போய் வேலை செய்கிறவருக்கு அந்தக் காப்பீடும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது.